34 நிமிடங்கள் கழித்து வந்த இனிப்பு

மூக்கடைப்புக்குப் போடும் சொட்டு மருந்துப் புட்டிகள் ஒரு காலத்தில் என்னிடம் நான்கு இருந்தன. ஒன்று தலையணைக்கு அடியில், ஒன்று அலுவலக மேசையின் இழுப்பறையில், ஒன்று கைப்பையில். நான்காவது புட்டி, மற்ற மூன்றும் ஒரே நாளில் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்துக்காக அலமாரியில் இருந்தது. சாதாரண ஜலதோஷத்துக்கு வாங்கிய மருந்துதான். ஜலதோஷம் ஒரு வாரத்தில் போய்விட்டது. சொட்டு மருந்து மட்டும் 11 மாதங்கள் என்னை விட்டுப் போகவில்லை.

என் புட்டிகளில் இருந்தது போன்ற ஸைலோமெட்டசோலின் வகை மருந்துகள் மூக்கின் உட்புற மடிப்புகளில் இருக்கும் இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. இரண்டு சொட்டு விட்ட சில நிமிடங்களில் மூச்சுப் பாதை திறந்துகொள்ளும். அந்த நிம்மதிக்கு ஈடு சொல்ல முடியாது. ஆனால் சில மணி நேரத்தில் மருந்தின் வேலை முடிந்ததும் அதே குழாய்கள் முன்பைவிட அதிகமாக வீங்கிக்கொள்கின்றன. பெரும்பாலும் 3 முதல் 5 நாட்களுக்கு மேல் இதைத் தொடரக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். அந்த எச்சரிக்கை உறைக்குள்ளிருந்த தாளிலும் அச்சாகியிருந்தது. மெய்ப்புத் திருத்துவதையே தொழிலாகக் கொண்ட நான், அந்த ஒரு தாளை மட்டும் படிக்காமல் கசக்கி எறிந்திருக்கிறேன்.

நான் வேலை செய்த அறையில் சன்னல்களைத் திறக்க முடியாது. ஏசி இடைவிடாமல் ஓடும். காலையில் மூக்கின் உள்ளே காய்ந்த பொருக்கு கட்டியிருக்கும். அதைச் சுத்தம் என்ற பெயரில் விரலாலும் துணியின் நுனியாலும் நோண்டி எடுப்பேன். சளி என்பது உடம்பு வெளியே தள்ள மறந்த அழுக்கு, அது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு ஆரோக்கியம் என்பதே அப்போது என் எண்ணம். அந்த எண்ணத்தோடு வாழ்ந்த ஓராண்டுக்குள் மூன்று முறை சைனஸ் தொற்று வந்தது. குனிந்தால் கன்னத்து எலும்புக்குள் யாரோ கல்லை உருட்டுவது போன்ற வலி. மேல் தாடைப் பற்கள் எல்லாம் ஒன்றாகக் கூசும். மூன்றாவது முறைதான் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரிடம் போனேன்.

அவர் என் நான்கு புட்டிகளின் கதையைக் கேட்டுவிட்டுக் கோபப்படவில்லை. மருந்தைத் தொடாமல் மறுநாள் காலையில் வரச் சொன்னார். வந்ததும் ஒரு நாற்காலியில் தலையைச் சற்று முன்னே சாய்த்து உட்காரவைத்து, கடுகில் பாதியளவு இருக்கும் ஒரு வெள்ளைத் துணுக்கை மெல்லிய கருவியால் மூக்கின் உள்ளே, முன்பக்க மடிப்பின் மேல் வைத்தார். அது சாக்கரின் என்னும் செயற்கை இனிப்பு. தும்மக் கூடாது, உறிஞ்சக் கூடாது, அவ்வப்போது எச்சில் விழுங்கினால் போதும், தொண்டையில் இனிப்புத் தெரிந்ததும் சொல்லுங்கள் என்றார். சுவரில் கடிகாரம் இருந்தது. பத்து நிமிடம் ஆயிற்று, இருபது ஆயிற்று. துணுக்கு கீழே விழுந்துவிட்டதோ என்று ஒருமுறை கேட்டேன். விழவில்லை, பொறுங்கள் என்றார். 34வது நிமிடத்தில் நாக்கின் அடிப்பகுதியில் ஒரு செயற்கையான இனிப்பு மெல்லத் தலைகாட்டியது.

“பலருக்கு இது கால் மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்துவிடும். உங்கள் மூக்கில் பாதை இருக்கிறது, வண்டிதான் ஓடவில்லை” என்றார்.

அந்த வண்டி எது என்று அன்று அவர் சுருக்கமாகச் சொன்னதையும், பின்னர் நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். மூக்கிலிருந்து நுரையீரலின் சிறு கிளைகள் வரை மூச்சுப் பாதையின் பெரும்பகுதியை மூடியிருக்கும் சளிச்சவ்வில், கண்ணுக்குத் தெரியாத, மயிர் போன்ற குற்றிழைகள் முளைத்திருக்கின்றன. ஓர் உயிரணுவுக்கு ஏறத்தாழ 200. அவை நொடிக்குப் பத்து முறைக்கு மேல், நெல்வயலில் காற்று ஓடுவதுபோல ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே திசையில் அடிக்கின்றன. அவற்றைச் சுற்றி நீர்த்த திரவம் ஒரு மெல்லிய அடுக்காக நிற்க, அதன் மேலே கெட்டியான சளி ஒரு விரிப்பாக மிதக்கிறது. மூச்சோடு வரும் தூசியும் பாக்டீரியாவும் வைரஸும் பெரும்பாலும் இந்த விரிப்பில் ஒட்டிக்கொள்கின்றன. விரிப்போ நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் வேகத்தில் தொண்டையை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. தொண்டைக்கு வந்ததை நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம்; வயிற்றின் அமிலம் மீதியைப் பார்த்துக்கொள்கிறது. நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்று உள்ளே போய்வரும் ஒரு பாதை, இத்தனைக்கும் பிறகு ஓரளவு சுத்தமாக இருப்பது இந்த ஓயாத நகர்வினால்தான்.

சைனஸ் பற்றிய ஒரு விவரம்தான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. கன்னத்து எலும்புக்குள் இருக்கும் சைனஸ் அறையின் வாசல், அடியில் இல்லாமல் உயரத்தில், மூக்கை ஒட்டிய சுவரில் இருக்கிறது. நாம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது அங்கே சுரக்கும் சளி தானாக வடிய வழியே இல்லை. குற்றிழைகள்தான் அதை அடியிலிருந்து மேலே ஏற்றி வாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. குற்றிழைகள் தளர்ந்தாலும், வாசல் வீங்கி அடைத்துக்கொண்டாலும் உள்ளே தேங்கிய சளி கிருமிகளுக்குக் குளமாகிவிடுகிறது. வாசலை வீங்கச் செய்யும் வேலையை நான் ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை, சொந்தக் காசில் செய்துவந்திருக்கிறேன். இது போதாதென்று, பல சொட்டு மருந்துகளில் கெடாமல் இருப்பதற்காகச் சேர்க்கப்படும் பென்சல்கோனியம் குளோரைடு என்ற பொருள் குற்றிழைகளின் அசைவைக் குறைப்பதை ஆய்வகச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள்.

சளியைப் பற்றி நான் வைத்திருந்த தாழ்வான எண்ணமும் அந்தப் படிப்பில்தான் மாறியது. சளியில் 95 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர்தான். அதைப் பிசுபிசுப்பாக்குவது மியூசின் என்னும் புரதம். அதன் உடல் முழுவதும் சர்க்கரைச் சங்கிலிகள் தொங்குகின்றன. இன்ஃப்ளூயன்சா வைரஸ் நம் உயிரணுவில் ஏறுவதற்குப் பிடித்துக்கொள்ளும் சியாலிக் அமிலம் அந்தச் சங்கிலிகளிலும் இருப்பதால், வைரஸ் உயிரணு என்று நினைத்துச் சளியைப் பற்றிக்கொண்டு தொண்டைக்குப் பயணமாகிவிடுகிறது. வைரஸும் சும்மா இருப்பதில்லை; அந்தப் பிடியை அறுத்துக்கொள்ள நியூராமினிடேஸ் என்ற நொதியை வைத்திருக்கிறது. ஃப்ளூ காய்ச்சலுக்குக் கொடுக்கப்படும் ஓசெல்டாமிவிர் மாத்திரை தடுப்பது இந்த நொதியைத்தான். சளிக்குள் இவ்வளவு பெரிய பேரம் நடப்பதை அறியாமல் நான் அதைத் துணியில் துடைத்து எறிந்துகொண்டிருந்தேன்.

பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், அதற்கு ஆறேழு ஆண்டுகளுக்கு முன்பே தம் ஜலதோஷ மூக்கிலிருந்து எடுத்த சளியைப் பாக்டீரியா வளர்ந்த தட்டில் இட்டு, அதைச் சுற்றிலும் பாக்டீரியா கரைந்துபோவதைப் பார்த்தவர். 1922இல் அவர் வெளியிட்ட அந்தப் பொருள்தான் லைசோசைம். பாக்டீரியாவின் சுவரை அறுக்கும் நொதி. கண்ணீரிலும் எச்சிலிலும்கூட அது ஏராளமாக இருக்கிறது. அதனோடு, பாக்டீரியாவுக்கு வேண்டிய இரும்பைப் பறித்து வைத்துக்கொள்ளும் லேக்டோஃபெரின் என்ற புரதமும் இருக்கிறது. இவற்றை எல்லாம்விடப் பெரிய ஏற்பாடு இம்யூனோகுளோபுலின் ஏ என்ற எதிர்ப்பொருள். மற்ற எதிர்ப்பொருள் வகைகள் அனைத்தையும் கூட்டினாலும் நம் உடல் தினமும் உண்டாக்கும் இதன் அளவுக்கு ஈடாகாது. அதில் பெரும்பகுதி சளிச்சவ்வுகளின் மேல்தான் சுரக்கிறது. இது கிருமியைப் பிடித்து, உயிரணுவில் ஒட்டவிடாமல், பெரிய அழற்சி எதையும் கிளப்பாமல் சளியோடு அனுப்பிவிடுகிறது. தாய்ப்பாலில், அதிலும் சீம்பாலில், இது மிகுதியாக இருப்பதால்தான் பிறந்த குழந்தையின் குடலுக்கு முதல் காவல் தாயிடமிருந்தே கிடைக்கிறது. 1955இல் பயன்பாட்டுக்கு வந்த சால்க்கின் போலியோ ஊசி இரத்தத்தில் நல்ல எதிர்ப்பை உண்டாக்கி வாதத்தைத் தடுத்தது. பின்னர் வந்த சேபினின் வாய்வழிச் சொட்டு குடலின் சளிச்சவ்விலேயே எதிர்ப்பை உண்டாக்கியதால், வைரஸ் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவதையும் அது நன்றாகக் குறைத்தது. எந்த வாசலில் காவல் நிற்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்று எனக்குப் புரியவைத்த உதாரணம் இது.

சொட்டு மருந்தை விட்ட கதைக்கு வருகிறேன். ஒரேயடியாக இரு பக்கமும் நிறுத்தினால் முதல் சில இரவுகள் தூக்கமே இருக்காது என்று மருத்துவர் முன்பே எச்சரித்தார். அதனால் முதலில் வலது நாசியில் மட்டும் நிறுத்தினேன். இடது பக்கம் திறந்திருந்ததால் மூச்சுவிட முடிந்தது. ஏறத்தாழ பத்து நாளில் வலது பக்கம் தானாகத் திறந்தது. பிறகு இடது பக்கத்தையும் நிறுத்தினேன். இடையில் அவர் எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டு ஸ்பிரேயைப் பயன்படுத்தினேன். அது சொட்டு மருந்தைப் போல உடனே திறக்காது; சில நாட்கள் கழித்துத்தான் பலன் தெரியும். உடனடிப் பலனுக்குப் பழகிப்போன எனக்கு அந்தக் காத்திருப்பு பெரிய சோதனையாகவே இருந்தது. மூன்றாம் நாள் இரவு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி வாயால் மூச்சுவிட்டுக்கொண்டு, அலமாரியில் இருந்த நான்காவது புட்டியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் முதல் வேலையாக அதைக் கழுவுதொட்டியில் கவிழ்த்தேன்.

உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும் பெரிதும் உதவியது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு என்பது உடல் திரவத்தோடு ஒத்துப்போகும் அளவு, எரிச்சல் இருக்காது. வெறும் தண்ணீர் சுள்ளென்று எரியும். இதில் நான் யாரிடமும் விட்டுக்கொடுக்காமல் வலியுறுத்தும் விஷயம் ஒன்று உண்டு: குழாய்த் தண்ணீரை நேராக மூக்கில் விடவே கூடாது. நேக்ளேரியா ஃபௌலேரி என்ற அமீபா, தண்ணீரைக் குடிப்பதால் தீங்கு செய்வதில்லை. மூக்கின் உச்சியில் இருக்கும் வாசனை நரம்பின் வழியே ஏறினால்தான் மூளையைத் தாக்குகிறது. மிக அரிதானது என்றாலும், வந்தவர்கள் பிழைப்பது அதைவிட அரிது. நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவைத்த நீரோ, காய்ச்சி வடித்த நீரோதான் பாதுகாப்பு. கழுவும் பாத்திரத்தையும் ஒவ்வொரு முறையும் கழுவிக் காயவைக்க வேண்டும்.

வறண்ட காற்றைப் பொறுத்தவரை அறையை மாற்றுவது என் கையில் இல்லை. ஏசியின் நேரடிக் காற்று முகத்தில் படாதபடி நாற்காலியை மாற்றிக்கொண்டேன், ஈரப்பதத்தைக் காட்டும் சிறு கருவி ஒன்றையும் மேசையில் வைத்தேன். சில நாட்களில் அது 30 விழுக்காட்டுக்கும் கீழே காட்டியதைப் பார்த்தபோது காலைப் பொருக்கின் காரணம் விளங்கிவிட்டது. 40 முதல் 60 விழுக்காடு வரை மூச்சுப் பாதைக்கு உகந்தது என்கிறார்கள். 2019இல் வெளியான ஓர் ஆய்வில், மிகவும் வறண்ட காற்றில் வைக்கப்பட்ட எலிகளின் மூச்சுப் பாதை சளியை நகர்த்தும் திறனை இழந்திருந்தது. ஃப்ளூ தொற்றும் அவற்றைக் கடுமையாகத் தாக்கியது. தண்ணீர் நிறையக் குடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். நீர் வற்றிய உடலில் சளியும் கெட்டிப்படும் என்பது உண்மைதான். ஆனால் தேவைக்கு மேல் குடிப்பதால் மூக்கு ஈரமாகிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆவி பிடிப்பதும் எனக்குச் சற்று நேர ஆறுதலைத் தந்தது, அவ்வளவே. கொதிக்கும் பாத்திரத்தின் மேல் குனிந்து சுட்டுக்கொண்டவர்கள், குறிப்பாகக் குழந்தைகள், உண்டு என்பதால் அதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

மூக்கு ஒன்றைக் கவனிக்கத் தொடங்கியதும் மற்ற வாசல்களும் கண்ணில் பட ஆரம்பித்தன. கண்ணில் விட்ட சொட்டு மருந்து சிறிது நேரத்தில் தொண்டையில் கசப்பதை எத்தனையோ முறை உணர்ந்திருக்கிறேன். கண்ணின் உள்முனையிலிருந்து மூக்குக்கு ஒரு குழாய் இறங்குகிறது என்பதுதான் காரணம். அப்படியானால் அழுக்குக் கையால் கண்ணைக் கசக்குவதும் மூக்கில் கிருமியை வைப்பதும் ஏறத்தாழ ஒன்றுதான். மெய்ப்புப் பார்க்கும்போது கண்ணைச் சிமிட்டுவதே மறந்துபோகும், கண்ணீர்ப் படலம் ஆங்காங்கே காய்ந்து எரியத் தொடங்கும், எரிந்தால் கசக்குவேன். இந்தச் சங்கிலியை அறுக்க நான் செய்தது, ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் கண்ணை முழுதாக மூடித் திறப்பதும், கசக்க நினைத்தால் முதலில் எழுந்து போய்க் கையைச் சோப்பால் கழுவுவதும்தான். பெரும்பாலும் எழும் சோம்பலிலேயே கசக்கும் ஆசை போய்விடும்.

வாய்க்கும் இதே கதைதான். தும்மலுக்காக நான் போட்டுக்கொண்டிருந்த பழைய வகை அலர்ஜி மாத்திரை, தூக்கத்தோடு சேர்த்து வாயையும் உலர்த்திவிடும். எச்சில் குறைந்தால் பற்சொத்தையும் வாய்ப்புண்ணும் வரிசையாக வரும் என்பதை அந்த ஆண்டின் பல் மருத்துவச் செலவு எனக்குக் கற்றுக்கொடுத்தது. போதாக்குறைக்கு, ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிப்பானை எரிச்சல் வரும்வரை பயன்படுத்தி, எரிகிறது என்றால் சுத்தமாகிறது என்று பொருள்கொண்டிருந்தேன். பெண்களின் உடலிலும் இந்தத் தவறு நடக்கிறது: பிறப்புறுப்பின் உட்பகுதியில் வாழும் லேக்டோபேசிலஸ் பாக்டீரியா லேக்டிக் அமிலத்தைச் சுரந்து அந்த இடத்தை அமிலத்தன்மையோடு வைத்திருந்து மற்றக் கிருமிகளைத் தடுக்கிறது, உள்ளே திரவங்களால் கழுவுவது அந்தப் பாதுகாப்பைக் கலைத்துத் தொற்றுக்கே வழிவிடுகிறது. வெளிப்புறத்தை நீரால் கழுவினால் போதும்.

அப்பாவின் கதை ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். நாற்பது ஆண்டுகள் புகைத்தவர், ஒருநாள் விட்டார். விட்ட இரண்டாவது வாரத்தில் இருமல் முன்பைவிடக் கூடியது. காலையில் சளியாகக் கொட்டியது. “புகைத்தபோது இந்த இருமல் இல்லையே” என்று சொல்லி மீண்டும் பெட்டியைத் தேடத் தொடங்கிவிட்டார். புகை குற்றிழைகளை முடக்கிவைக்கிறது என்பதும், விட்ட பிறகு அவை மெல்ல மெல்ல அசையத் தொடங்கித் தேங்கியதை மேலே ஏற்றும்போது சிலருக்கு இருமல் கொஞ்ச காலம் கூடக்கூடும் என்பதும் அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவருடைய மருத்துவர் மார்புப் படம் எடுத்துப் பார்த்து வேறு எதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகே இதை விளக்கினார். அந்த உறுதி முக்கியம். நீண்ட நாள் புகைத்தவரின் இருமலை நாமாகவே நல்ல அறிகுறி என்று முடிவு கட்டக் கூடாது.

இன்னும் சில தவறான நம்பிக்கைகளையும் இந்தக் காலத்தில் கைவிட்டேன். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் உடனே ஆன்டிபயாடிக் வேண்டும் என்று நினைத்திருந்தேன். அந்தப் பச்சை, கிருமியோடு போரிட வந்த நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களில் இருக்கும் நொதியின் நிறம். வைரஸால் வரும் சாதாரண ஜலதோஷத்திலும் அது வரும். பத்து நாளுக்கு மேல் குறையாத தொல்லை, குறைந்து மீண்டும் திடீரென்று கூடுவது, கடும் காய்ச்சலோடு முகவலி, கண்ணைச் சுற்றி வீக்கம் ஆகியவைதான் மருத்துவரைப் பார்க்கவேண்டிய அடையாளங்கள். கண் வீக்கத்துக்கு அன்றைக்கே போகவேண்டும். நோண்டியதால் இரத்தம் வந்தால் தலையை அண்ணாத்திப் பிடிப்பதே வழக்கமாக இருந்தது. அப்படிச் செய்தால் இரத்தம் தொண்டையில்தான் இறங்கும். இப்போது முன்னே குனிந்து, மூக்கின் மென்மையான கீழ்ப்பகுதியை விடாமல் 10 நிமிடமாவது அழுத்திப் பிடிக்கிறேன். நோண்டுவதையும் ஏறத்தாழ விட்டுவிட்டேன். ஏறத்தாழ என்று சொல்வதுதான் நேர்மை. பத்துப் பேரில் ஏறக்குறைய மூவரின் மூக்கில் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா ஓசையின்றிக் குடியிருக்கிறது. நகத்தால் கீறிய சவ்வு அதற்கு உள்ளே போகத் திறந்துவிட்ட கதவு.

எனக்கு வந்தது பழக்கத்தால் வந்த கோளாறு என்பதால் திருந்தியதும் சரியாயிற்று. பிறவியிலேயே குற்றிழைகள் சரியாக அசையாதவர்களும், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயால் சளி பசைபோலக் கெட்டியாகிவிடுபவர்களும் உண்டு; அவர்கள் வாழ்நாள் முழுவதும் நெஞ்சுச் சளியை வெளியேற்றும் பயிற்சிகளைத் தினந்தோறும் செய்கிறார்கள். குழந்தைப் பருவத்திலிருந்தே ஓயாத சளி, திரும்பத் திரும்ப நுரையீரல் தொற்று என்றால் அதைச் சொட்டு மருந்தால் மூடி மறைக்காமல் காரணத்தைத் தேடுவது அவசியம்.

நான்கு மாதம் கழித்து மருத்துவர் மீண்டும் வரச் சொன்னார். அதே நாற்காலி, அதே கடிகாரம். இம்முறை நெடுநாள் மருந்து போட்ட இடது நாசியில் துணுக்கை வைத்தார். நான் எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நொடிமுள்ளை எண்ணிக்கொண்டிருந்தேன். 13வது நிமிடம் பாதி கடந்திருந்தபோது இனிப்பு வந்தது, கையை உயர்த்தினேன். அவர் நேரத்தைக் குறித்துக்கொண்டு, உப்புநீரைத் தொடருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்தவரை உள்ளே அனுப்பச் சொன்னார். அந்த இனிப்பு பேருந்து வரும்வரைக்கும் தொண்டையிலேயே நின்றது.